கவரேஜ் சாமியும் இருபத்தாறு கிலோ அரிசியும்

செவ்வாய்க்கிழமை என்றால் திருத்தணியில் இரண்டு கூட்டம். ஒன்று மலைமேல் ஏறும். இன்னொன்று, ஏற முடியாத உடம்பை வைத்துக்கொண்டு, அரக்கோணம் சாலையில் ஒரு பழைய டயர் கிடங்கின் முன்னால் நிற்கும். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ், கனகம்மாசத்திரத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஆந்திரா நம்பர் போட்ட வேன். இறங்குகிறவர்கள் எல்லாம் கனத்த ஆசாமிகள். ஆட்டோவில் மூன்று பேருக்கு மேல் ஏற்றாதே என்று போலீஸ் எத்தனை வருடமாகச் சொல்லியும் நடக்காதது, அந்தச் சாலையில் தானாக நடந்தது.

கிடங்கு வாசலில் பேனர்: 'இன்சூரன்ஸ் கைவிட்டாலும் ஈசன் மகன் கைவிடான்.' கீழே கவரேஜ் சாமியின் படம். பழைய பெயர் நாகேந்திரன். அரக்கோணத்தில் வீடு வீடாகப் போய்ப் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தவர். மூன்று வருடம் அலைந்தும் நாலு பாலிசிக்கு மேல் தேறவில்லை. ஐந்தாவது தேறுவதற்குள் அருள் வந்துவிட்டது.

அருள் வந்தாலும் தொழில் மறக்குமா? சேருகிறவர்களுக்கு 'அருள் காப்பீட்டு அட்டை' கொடுத்தார். வாரப் பிரீமியம் முந்நூற்று ஒரு ரூபாய். எடை குறையாதவன் வந்து கேட்டால், "போன ஜென்மத்துக் கர்மம். முன்னாடியே இருந்த வியாதிக்குக் கவரேஜ் கெடயாது" என்பார். கம்பெனிக்காரன் சொன்னால் சட்டையைப் பிடிக்கிறவன், சாமி சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவான்.

அந்த வரிசையில் மடக்கு நாற்காலியோடு நின்றார் ஷண்முகசுந்தரம். பரம்பரையாகக் கோயில் சமையல் செய்த குடும்பம். இவர் மட்டும் கல்யாண மண்டபங்களுக்கு இறங்கிவிட்டார். ஊரில் இவர் கை படாத சர்க்கரைப் பொங்கல் குறைவு. ஐம்பத்தெட்டு வயது, நூற்றுப் பதினாலு கிலோ. வலது முழங்கால் தேய்ந்துபோய், அடுப்படியில் பத்து நிமிடம் நின்றால் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்பு முன்னால் நிற்க முடியாத சமையல்காரனை எவன் கூப்பிடுவான்? தை மாதத்தில் மட்டும் நாலு கல்யாணம் கைநழுவிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது எளிமையானது. "மூட்டு மாத்திடலாம் சார். இன்சூரன்ஸ்ல மூணு லட்சம் வரைக்கும் குடுக்கறாங்க. ஆனா நூறு கிலோவுக்கு வந்தாத்தான் கத்தி வைப்பேன்." எடை குறைய ஒரு மாத்திரையும் எழுதினார். "பழைய மாத்திரைதான். இப்ப வர்ற ஊசி விலைக்கு இது எவ்ளோ தேவலை."

தேவலையான மாத்திரை மாதம் இரண்டாயிரத்து நானூறு. ஷண்முகசுந்தரம் பில்லை இன்சூரன்ஸுக்கு அனுப்பினார். 'எடைக் குறைப்பு மருந்துகள் இத்திட்டத்தில் அடங்கா' என்று பதில் வந்தது. போன் போட்டுக் கேட்டார்.

"சார், வெயிட் குறைக்கிறதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட செலவு சார்" என்றது ஒரு பெண் குரல்.

"அழகுக்கா? அம்மா, நான் கல்யாணத்துல சமைக்கறவன். கல்யாணம் பண்ணிக்கப் போறவன் இல்லே!"

மூன்று லட்சம் கொடுப்பார்களாம். அந்த மூன்று லட்சத்துக்குப் போய்ச் சேர வழியான மாத்திரைக்குத் தம்படி கிடையாதாம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ! கோபத்தில் ஷண்முகசுந்தரம் ஒரு மாதத்தோடு மாத்திரையை நிறுத்தினார். நிறுத்திய வாரத்திலேயே டயர் கிடங்கு கண்ணில் பட்டது.

சாமியின் வைத்தியம் இதுதான். கிடங்கின் நடுவே ஓர் அண்டா நிறையப் பானகம். அதன்மேல் வெள்ளிச் சங்கிலியில் ஒரு மாத்திரை அட்டை தொங்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த அதே பழைய மாத்திரை! சாமி மந்திரம் சொல்லி அட்டையை மூன்று முறை முக்கி எடுப்பார். தீர்த்தம் தயார். ஒரே அட்டை, ஒன்றரை வருடம், ஆயிரம் பேர். அட்டையை இன்னும் பிரிக்கவே இல்லை. பிரித்தால் சக்தி வெளியே போய்விடுமாம்.

"ஏன்னா, மாத்திரை அட்டைக்குள்ள இருக்கு. தண்ணி வெளியில இருக்கு. ரெண்டும் எங்கே சந்திச்சுண்டுதாம்?" என்று கேட்டாள் மனைவி ஜெயம்.

"எல்லாத்துக்கும் குதர்க்கம் பேசாதே. தராசு பொய் சொல்லுமா?"

தராசு! அங்கேதான் ஷண்முகசுந்தரம் விழுந்தார். கிடங்கில் ஒரு பெரிய துலாபாரத் தராசு, சந்தனம் பூசி, மாலை போட்டு நின்றது. ஒரு தட்டில் பக்தர். இன்னொரு தட்டில் கிலோ உருண்டையாக வெல்லம். எத்தனை உருண்டையோ அத்தனை கிலோ. சேரும்போது உங்கள் எடைக்கு எடை வெல்லத்தை அங்கேயே வாங்கி, அங்கேயே காணிக்கையாக வைக்க வேண்டும். மறுநாள் அதே வெல்லம் அடுத்தவருக்கு விலைபோகும். ஷண்முகசுந்தரத்துக்கு ஏழாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய் ஆயிற்று.

முதல் நாள் வெள்ளைத் துணி மூடிய கூடையிலிருந்து உருண்டை எடுத்தார்கள். நூற்றுப் பதினாலு. நாலாவது வாரம் மஞ்சள் துணிக் கூடை. நூற்றெட்டு! எட்டாவது வாரம் சிவப்புத் துணிக் கூடை. நூற்றொன்று! ஷண்முகசுந்தரம் தராசுத் தட்டிலேயே அழுதுவிட்டார்.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் இருந்தன. வேறு தராசில் ஏறினால் பாலிசி ரத்து. வெல்லத்தை பக்தர்கள் தொடக்கூடாது, மடி. இரண்டாவது நிபந்தனை ஷண்முகசுந்தரத்துக்கு ரொம்பப் பிடித்தது. 'மடி, தொடாதே' என்று சொல்லியே முப்பது வருடமாக ஊராரைத் தன் சமையற்கட்டுக்கு வெளியே நிறுத்தியவர் அவர். அந்த வார்த்தைக்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளிக்கலாம் என்பது அவருக்குத்தானே தெரியும்? ஆனாலும் தோன்றவில்லை. நம்பிக்கை வந்து உட்கார்ந்தால் அனுபவம் எழுந்து போய்விடுகிறது.

வீட்டில் ஜெயம் புது அரைஞாண் கயிறு வாங்கி வந்தாள். பழைய அளவுதான். சுற்றினால் முடிச்சுப் போட நுனி எட்டவில்லை.

"பதிமூணு கிலோ எங்கேர்ந்து குறைஞ்சுது? காதுலேர்ந்தா?"

"அருள் எடைடி. உள்ளுக்குள்ள குறையும். வெளியில தெரியாது."

"ஆபரேஷனுக்கு வந்த இன்சூரன்ஸ் அப்ரூவல் இந்த வெள்ளிக்கிழமையோட முடியறது. அங்கே வெளியில இருக்கற எடையத்தானே பார்ப்பா?"

நூற்றொன்றுக்கும் நூறுக்கும் நடுவில் இருந்த ஒரு கிலோவுக்குச் சாமி தனிப் பூஜை சொல்லியிருந்தார். ஐயாயிரத்து ஒன்று. கடைசிக் கிலோ எப்போதும் பிடிவாதக்காரனாம்.

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை ஜெயமும் கூட வந்தாள். ஆட்டோவிலிருந்து ஓர் அரிசி மூட்டையும் இறங்கியது. தைத்த நூல் பிரிக்காத மூட்டை.

"சாமி, எங்காத்துக்காரர் சிவப்புத் துணி மெம்பர். அவருக்காக அரிசித் துலாபாரம் வேண்டிண்டிருக்கேன். நிறுத்துட்டு நீங்களே எடுத்துக்கோங்கோ."

எடுத்துக்கொள்ளச் சொன்ன பிறகு எந்தச் சாமிதான் யோசிக்கும்? மூட்டை தட்டில் ஏறியது. சாமியின் ஆட்கள் சிவப்புத் துணிக் கூடையைத் திறந்து உருண்டையை எடுத்து வைத்தார்கள். கூட்டமே சேர்ந்து எண்ணியது. "இருபத்தொண்ணு... இருபத்திரண்டு... இருபத்தி மூணு!" தராசு முள் நேராக நின்றது. "அரோகரா!"

ஜெயம் பக்கத்தில் நின்றவளைத் தொட்டாள். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் அம்சா. முதல் தடவையாக வந்திருந்தாள். "அம்மாடி, மூட்டைமேல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சத்தமா படியேன்."

"ஆங்... இருபத்தாறு கிலோன்னு போட்டுகினு கீதுக்கா." அம்சா விரலை மடக்கினாள். "இன்னாக்கா இது, மூணு கிலோ கொறையுதே?"

"அதான் நானும் கேக்கறேன். இந்த மூட்டை ஒரு சொட்டுத் தீர்த்தம் குடிக்கலை. விரதம் இருக்கலை. பிரீமியம்கூடக் கட்டலை. எப்படி இளைச்சுது?"

சாமி கண்ணை மூடினார், திறந்தார்.

"பாத்தீங்களா! தராசுல ஏறின அரிசிக்கே அருள் எறங்கிடுச்சு!"

கூட்டம் சிலிர்த்தது. "சாமி, அந்த அரிசில எனக்கு ஒரு படி குடுங்க சாமி!" என்று பின்னாலிருந்து ஒருவர் ஏலம் கேட்கிற மாதிரி கத்தினார். நம் ஜனங்களைக் கெடுக்கக் கஷ்டப்படவே வேண்டாம். அவர்களே பாதி வழி வந்து நிற்பார்கள்.

ஜெயம் விடவில்லை. "அருள் எறங்கின அரிசிதானே? அதே மூட்டைய இப்போ வெள்ளைத் துணி உருண்டையால நிறுங்கோ. அப்பவும் இருபத்தி மூணுதானே வரணும்?"

"அது புதுசா சேர்றவங்களுக்கும்மா."

"இந்த மூட்டையும் புதுசுதான். நேத்துதான் வாங்கினேன்."

"ஆமா, நிறுங்க! இன்னா பயம்?" என்றாள் அம்சா. வெள்ளைத் துணிக் கூடைக்கு அன்று பணம் கட்டப்போகிறவள் அவள்தான். இன்னும் பத்துப் பேர் கூடச் சேர்ந்து கத்தினார்கள். உருண்டைகள் ஏறின. இருபத்தி மூன்றில் முள் அசையவில்லை. இருபத்தாறில் நேராக நின்றது.

"சிவப்புக் கூடைல அருள் டூட்டி பாக்குது, வெள்ளைக் கூடைல லீவா நைனா?" என்றார் ஆந்திரா வேனில் வந்த ஒரு பெரியவர்.

ஷண்முகசுந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்தார். முழங்கால் கத்தியது. நொண்டிக்கொண்டே போய், வலது கையில் ஒரு சிவப்புக் கூடை உருண்டை, இடது கையில் ஒரு வெள்ளைக் கூடை உருண்டை எடுத்தார்.

"தீட்டு! தீட்டு! தொடாதீங்க!" என்று சாமி பாய்ந்தார்.

கை அதற்குள் சொல்லிவிட்டது. முப்பது வருடம் வெல்லம் அள்ளிய கை. இடது கையில் இருந்தது சுத்தமான ஒரு கிலோ. வலது கையில் இருந்தது ஒரு கிலோவும் நூற்று முப்பது கிராமும். உருண்டை கனத்ததால் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அவருடைய உடம்பு அப்படியேதான் இருந்திருக்கிறது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"கையில எடுத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்" என்றார். "தொடாதேன்னான். தொடலை. நானும் ஒரு சமையல்காரன்!"

உருண்டைகள் கை மாறின. ஒவ்வொருவரும் தூக்கிப் பார்த்தார்கள். சாமி பின்பக்கக் கதவை நோக்கிப் போனார். அங்கே அவருடைய பக்தர்களே உட்கார்ந்திருந்தார்கள், கதவை அடைத்துக்கொண்டு. இத்தனை நாள் வைத்தியத்தில் ஒருவராவது இளைத்திருந்தால் அன்று அவர் தப்பித்திருக்கலாம். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போயிற்று.

எல்லோரும் ஜெயத்தை மெச்சினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் துணி மெம்பரான கோமளவல்லி அவளை முறைத்தாள். "அஞ்சு கிலோ எளச்சிட்டேன்னு சந்தோசமா இருந்தேன். வந்து கெடுத்துட்டியேம்மா, நல்லா இருப்பியா?"

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் ஷண்முகசுந்தரம் ஏறினார். நூற்றுப் பதினாறு. இரண்டு கிலோ கூட! வாராவாரம் செம்பு செம்பாக வெல்லப் பானகம் குடித்தால் வேறென்ன ஆகும்? அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. அப்ரூவல் காலாவதியானது. மறுபடி விண்ணப்பிக்கலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார்கள். டாக்டர் அதே பழைய மாத்திரையை மறுபடி எழுதி, சாப்பாட்டுக்கு ஒரு பட்டியலும் கொடுத்தார். டயர் கிடங்கில் கொட்டிய பணத்தில் நாலு மாத மாத்திரை வாங்கியிருக்கலாம் என்று ஜெயம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அந்த ஒரு தடவையே அவருக்குப் போதுமாக இருந்தது.

மருந்துக்கடையில் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வரிசையில் நின்ற ஒரு கனத்த மனிதர் அவர் காதருகே குனிந்தார்.

"சார், மணவூர் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு அம்மா வந்துகீறாங்களாம். நம்ம நெழல மட்டும் அளந்து பாத்துட்டு கொழுப்ப எடுத்துடறாங்களாம். ஒரு நெழலுக்கு ஐந்நூறுதான். வர்றீங்களா?"

ஷண்முகசுந்தரம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாத்திரைக்குக் கம்பெனிக்காரன் பணம் தரமாட்டேன்னான். சரி, அவன் யோக்யதை அவ்வளவுதான். ஆனா யோசிக்கறதுக்கு யார்கிட்டயும் பணம் கேக்க வேண்டாமே ஓய். அது இலவசம். இலவசமா இருக்கறதாலதான் நம்மள்ள ஒருத்தனும் அதை வாங்கிண்டு போகமாட்டேங்கறான்!"