மீன் குடிசைப் பலகையும் மார்லிஸின் சமையலறையும்

முழங்காலைப் புதிதாக மாற்றிக்கொண்ட மைத்துனர் ஆர்வின் அவர்களுக்கு, பிரெய்னர்டிலிருந்து ரோல்ஃப் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், பூனை நலம், ஏரி இன்னும் உறையவில்லை. உங்கள் கால் வேகமாகத் தேறிவருவதாக மார்லிஸ் சொன்னாள். தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள்.

விஷயம் இதுதான் மச்சான். உங்களைப் பார்த்துக்கொள்ள உங்கள் தங்கை மார்லிஸ் கிளம்பிய அன்று, "நீ திரும்பி வர்றப்போ சமையலறையில டைல்ஸ் இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அவள் கேட்ட டைல்ஸ். வெள்ளிக்கிழமை வருகிறாளாம். இன்று புதன், ஒரு டைல்கூடப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. தரையில் ஒட்டியிருந்த பழைய லினோலியம் விரிப்பைச் சுரண்டி எடுத்தால் அடியில் இருந்த பலகை நடக்க நடக்கத் துள்ளுகிறது. துள்ளும் தரையில் டைல் விரிசல் விடும், மேலே இன்னொரு அடுக்கு பிளைவுட் போட வேண்டும் என்று டைல்ஸ் கடையில் சொன்னார்கள். பழைய படகு வாங்கி விற்றே வீடு கட்டியவன் நான், கடையில் முழு விலை கொடுப்பேனா? ஏலத்தில் ஒரு கட்டு பிளைவுட் கிடைத்தது. மேல் பலகையைத் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது, தூக்கிவந்துவிட்டேன். கட்டைப் பிரித்தால் கீழே இருந்த நான்கிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட ஓட்டைகள்! உறைந்த ஏரி மேல் உட்கார்ந்து ஓட்டை வழியாகத் தூண்டில் போட யாரோ கட்டியிருந்த மீன் குடிசையின் தரை. ஏலத்தில் ஏமாந்தேன் என்று வெளியே தெரிந்தால் என் தொழில் என்னாவது? அப்படியே போட்டுத் திருகிவிட்டேன்.

பக்கத்து வீட்டு வெண்டல், நாற்பது வருஷம் டைல்ஸ் ஒட்டினவர், வந்து பார்த்து, "ம்... வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார். நம் ஊரில் அதற்கு மேல் வசவு கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

"ஓட்டை மேல டைல்ஸ் போட்டா மூடிராதா?" என்றேன்.

"மூடும். அப்புறம் ஃப்ரிட்ஜோட காலு உள்ள போகும். போகட்டும்ப்பா, காபி போட்டுக்கிட்டே மார்லிஸ் தூண்டிலும் போடலாம். ஆமா, சுவரோரம் இடைவெளி விட்டியா?"

"எதுக்கு?"

"ஈரத்துல உப்புறப்போ பலகை மூச்சு விட."

"மீனெல்லாம் செத்து எவ்வளவு நாளாச்சு, இன்னும் யாரு மூச்சு விடப்போறா?"

ஆனால் அடுப்பைப் பற்றவைத்ததும் சமையலறை முழுக்க மீன் வாடை. பூனை தரையை நக்க ஆரம்பித்தது. எல்லாத் திருகையும் கழற்றினேன், முழு விலைக்குப் புதுப் பலகை வாங்கினேன், சுவரோரம் இடைவெளி விட்டு, அடிப் பலகை இணைகிற இடத்திலேயே மேல் பலகையும் இணையாமல் தள்ளிப் போட்டு, மேட்டையெல்லாம் தேய்த்து முடித்தேன். இப்போது நடந்தால் ஒரு கிறீச் சத்தம் இல்லை, மச்சான். மனசு நிறைந்திருக்கிறது.

டைல்ஸ் ஒட்டிக் காய ஞாயிறு ஆகும். அதனால் வெள்ளிக்கு மேலும் இரண்டு நாள் நொண்டுங்கள். மாடிப்படியில் "ஆ" என்றாலே போதும், உங்கள் தங்கை கிளம்பமாட்டாள். உங்கள் வீட்டுப் போனை எப்போதும் அவளே எடுப்பதால்தான் இந்தக் கடிதம். நாளை உங்கள் ஊர் ஃபார்கோவுக்கு வரும் வெண்டலிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் புது முழங்கால் நூறாண்டு மடங்கி நிமிரட்டும்.

அன்புடன்,
ரோல்ஃப்

பி.கு.: கடிதத்தை வாங்க வந்த வெண்டல் சிரிக்கிறார். "எதுக்குப்பா இவ்வளவு நீளம்? மார்லிஸ் தினமும் எனக்குப் போன் பண்றாளே, ஓட்டைப் பலகை வரைக்கும் அவளுக்கு எல்லாம் தெரியும். ஆர்வின் போன வாரமே நல்லா நடக்க ஆரம்பிச்சுட்டாராம். 'நான் இருந்தா அந்த மனுஷன் தப்பை ஒத்துக்கமாட்டார், தனியா விடுங்க'ன்னு அங்கேயே உட்கார்ந்திருக்கா." ஆகவே நொண்ட வேண்டாம் மச்சான். நாளை வெண்டலின் வண்டியிலேயே அவளை அனுப்பிவையுங்கள். டைல்ஸ் போட்டு மூடுவதற்கு முன் இந்தப் பிளைவுட்டை அவள் ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.