பட்டுச் சீலை கட்டிய டைப்ரைட்டர்

இண்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. அதற்கான யோக்கியதை எனக்குக் கிடையாது. என் முதல் இண்டர்வியூவுக்குப் பதினைந்து கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்களுக்கு மல்லாட்டைக் கொல்லை இருந்தது (நீங்கள் வேர்க்கடலை நிலம் என்பீர்கள், எங்களுக்கு அது மல்லாட்டைக் கொல்லைதான்). பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் பண்ணிவிட்டு, ஹையர் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இருந்தது ஒரே லட்சியம். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். களையெடுக்கக் குனிந்தால் எனக்குத் தலை சுற்றும். (சோற்றுக்குக் குனிந்தால் மட்டும் சுற்றாது என்பான் அண்ணன்.)

அப்போதுதான் திருவண்ணாமலையில் ஒரு எண்ணெய் மில் ஆபீசிலிருந்து கார்டு வந்தது. ஆபீஸ் உதவியாளர் வேலை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல், செய்முறைத் தேர்வும் உண்டு என்று எழுதியிருந்தது. அண்ணன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"இதான் கடைசி வசந்தா. இதுவும் கிடைக்கலைனா டைப்பு கிளாசும் வேணாம், ஒண்ணும் வேணாம். கொல்லைக்கு வந்துடு."

அன்றைக்கே ஆயத்தம் ஆரம்பமானது. எனக்குப் பயிற்சி கொடுத்தது அண்ணி. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள், ஆனால் என் மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை அவளுக்கு. மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து அண்ணி ஆபீசராவாள். நான் எதிரே கைகட்டி நின்று, 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் அக்ரிகல்சர் ஃபேமிலி' என்று ஒப்பிப்பேன். எருமை மட்டும் தலையை ஆட்டும். அண்ணிக்குத் தெரிந்த கேள்விகள் மொத்தம் மூன்று. உன் பேர் இன்னா, எந்த ஊரு, சாப்டியா.

எந்த ஆபீசராவது சாப்டியானு கேப்பானா அண்ணி என்று எரிந்து விழுந்தேன். கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள் அவள். அதற்கும் ஒரு பதில் மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

இனி செய்முறைத் தேர்வுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் பரீட்சைக்கு மெஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். இன்ஸ்டிடியூட்டிலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மெஷின்களை வரிசையாக ஏற்றிப் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவோம். அவரவர் பழகிய மெஷினில் அவரவர் அடிப்போம். லோயர் பரீட்சைக்கு நானும் அப்படித்தான் போய்வந்தேன். அதனால் செய்முறைத் தேர்வு என்று படித்ததும் என் மூளை வேறு எதையும் யோசிக்கவில்லை. (யோசிக்கிற பழக்கம் அதற்கு அப்போதும் கம்மிதான்.) இன்ஸ்டிடியூட் சாரிடம் போய் இண்டர்வியூவுக்கு மெஷின் வேண்டும் என்றேன். மில்லில் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, பாவம், இருப்பதிலேயே நல்ல மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை. ஒருத்திக்கு மாட்டு வண்டி கட்டுவார்களா? பஸ்தான். மெஷினில் தூசி படக்கூடாது என்று அண்ணி தன் கல்யாணப் பட்டுச் சீலையையே எடுத்துச் சுற்றினாள். மஞ்சள் பட்டு, சிவப்புக் கரை. சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, எந்த சாமிம்மா என்று பயபக்தியோடு கேட்டாள். விளக்கம் சொல்லத் தெம்பில்லாத அண்ணி, அம்மன் என்று சொல்லிவிட்டாள். கண்டக்டர் லக்கேஜ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தேரடி வீதியில் இறங்கி நடந்தபோது ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி விட்டு ஒதுங்கி நின்று கும்பிட்டார். நான் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மில் ஆபீசில் என்னைப் போல வேலைக்கு வந்த ஐந்து பேர் பெஞ்சில் கால் மேல் கால் போடாமல் பதவிசாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் கையிலும் மெல்லிசாக ஒரு ஃபைல். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? பாவம், மெஷின் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.

என் பேரைக் கூப்பிட்டதும் அண்ணியும் மெஷினுமாக உள்ளே போனோம். நெற்றி நிறைய விபூதியோடு மானேஜர் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் பெரிய கண்ணாடி, அதன் அடியில் அண்ணாமலையார் படம். அண்ணி தலையிலிருந்து இறக்க, நான் வாங்க, வேர்த்த கை வழுக்கியது. மெஷின் கண்ணாடி மேல் தொப்பென்று உட்கார்ந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே விரிசல். டிங் என்று மெஷினின் மணி வேறு அடித்தது.

மானேஜர் பட்டுச் சீலையைப் பிரித்துப் பார்த்தார். இது எதுக்கு என்றார். செய்முறைத் தேர்வுக்கு என்றேன். பேப்பரில் துளை போட்டு ஃபைலில் கோப்பதுதான் இங்கே செய்முறை, டைப் அடிக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றார். ஃபேன் காற்று சில்லென்று வீசியது. இதுதான் நமக்குக் கடைசி ஃபேன் என்று நினைத்ததும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

அண்ணி முன்னால் வந்து நின்றாள். "ஒடைச்சது நான் சார். அவ மேல தப்பில்ல. பொண்ணு நல்லா டைப்பு அடிக்கும். அத மட்டும் பாத்துட்டு அனுப்பிடுங்க."

பொய். கை வழுக்கியது எனக்குத்தான். அது அவருக்கும் தெரியும்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணியின் தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. எந்த ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னோம். அப்புறம் கேட்டார்.

"சாப்டியாம்மா?"

மனப்பாடம் பண்ணிய பதில் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. அண்ணி என் முதுகில் ஒரு இடி இடித்தாள். இல்லைங்க சார் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். டீயும் பன்னும் வந்தது. தின்று முடித்ததும் விண்ணப்பப் படிவத்தை நீட்டி, பூர்த்தி பண்ணிக் கொடு என்றார். நான் இடுப்பைத் தடவினேன், பையைக் கொட்டினேன், கடைசியில் அண்ணியைப் பார்த்தேன்.

பேனா இல்லை.

டைப்ரைட்டரையே தூக்கிக்கொண்டு வந்தவள் பேனா எடுத்து வரவில்லை. அதுவரைக்கும் அடக்கிக்கொண்டிருந்த மனுஷன் அதற்குமேல் முடியாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டுத் தன் பேனாவை எடுத்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, டைப் அடிச்சே குடுத்துடட்டுங்களா என்று கேட்டுவிட்டேன்.

மெஷினை இறக்கித் தரையில் வைத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து படிவத்தைச் செருகினேன். புள்ளிக்கோட்டின் மேல் எழுத்து உட்காருவது லேசான காரியமில்லை. பேர், அப்பா பேர், ஊர், படிப்பு. ஒரு எழுத்துத் தவறவில்லை. கதவோரம் ஆபீசே கூடி நின்று பார்த்தது. அண்ணி பட்டுச் சீலையை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு, நான் அடித்த ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டினாள்.

அப்புறம் துளை போடும் தேர்விலும் கலந்துகொண்டேன். அதில் இரண்டு காகிதத்தைத் தலைகீழாகக் கோத்தேன் என்பதை இன்று வரை அண்ணனிடம் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து வேலைக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. போன முதல் நாள் எனக்குக் கொடுத்த முதல் வேலை, கடைக்குப் போய் மேஜைக்குப் புதுக் கண்ணாடி வாங்கி வருவது. அதில் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தேன். இரண்டு வருஷத்தில் டைப்பிஸ்ட் ஆனேன். முப்பது வருஷம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாயிற்று. அந்த மானேஜருக்கும், கேள்வி கேட்காமல் மெஷின் கொடுத்த சாருக்கும் நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்லித் தீராது. அண்ணிக்குப் பட்டதைச் சொல்லவே தெரியவில்லை. மெஷின் எண்ணெய் ஒட்டிய அந்தக் கல்யாணப் பட்டு எத்தனை தடவை அலசியும் சுத்தமாகவில்லை. அந்தக் கறையோடுதான் என் கல்யாணத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், கடைக்குப் புளி வாங்கப் போனாலும்கூட, பேனா எடுத்துக்கிட்டியா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. போன மாசம் என் மகள் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு மெட்ராசுக்கு இண்டர்வியூவுக்குக் கிளம்பினாள். வழியனுப்ப அண்ணியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். முட்டி வலி ஜாஸ்தி, இருந்தாலும் வந்தாள். மகளின் பையைக் கையால் தூக்கி எடை பார்த்தாள்.

"இதான் மெஷினா? ஒண்ணுமே கனமில்லையே" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். "சாப்டியானு கேப்பாங்க. பதில் ரெடியா வச்சுக்கோ."