நெற்றிமடலின் இரு கட்சிகள்

மேடைப் பேச்சாளன் எவனும் தனக்கு மறதி உண்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டான். நானும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று என்னைக் கவிழ்த்தது அளவுக்கு மீறிய நினைவாற்றல்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. தலைப்பு: 'இருபத்தைந்து வயதுக்கு முன் வாழ்க்கை முடிவுகளை எடுக்கும் பக்குவம் இளைஞருக்கு இல்லை.' எந்தக் கட்சி என்பது மேடையேறும் முன் நாணயம் சுண்டித்தான் தெரியும். ஆகவே இரு கட்சிக்குமான பேச்சுகளையும் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே: மூளையின் நெற்றிமடல். (ஒரு வாரமா வீட்ல வேற பேச்சே கிடையாது. மீன் கறி ஊத்தும்போதுகூட மூளைதான்.)

எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து காரில் வரும் வழியில், பெட்ரோல் போட அப்பா இறங்கிய நேரம் பார்த்து அக்கா மாலினி கிசுகிசுத்தாள். அவளுக்கு இருபத்துநான்கு. உடன் வேலை செய்யும் ஒருவரை மணக்க விரும்பினாள். "வயசு பத்தாது" என்று அப்பா மறுத்துக்கொண்டே இருந்தார்.

"டேய், நீ தோத்தாலும் பரவால்ல லா. அப்பா முன்னாடி என்னைக் கவுத்துறாத."

நாணயம் கவிழ்த்தது. எனக்குக் கிடைத்தது தலைப்பை ஆதரிக்கும் கட்சி.

முன்வரிசையில் அப்பாவும் அக்காவும். "நடுவர் அவர்களே, உங்கள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்" என்று தொடங்கினேன். அப்பா உட்பட அரங்கமே தொட்டது. அந்த எலும்புக்குப் பின்னால் இருப்பதுதான் நெற்றிமடல். அதன் பின்விளிம்பு கைகால்களை அசைக்கிறது. பெரும்பாலோருக்கு அதன் இடப்பக்கம் சொற்களைப் பேச்சாக்குகிறது. முன்பகுதியோ திட்டமிடுகிறது, எடை போடுகிறது, அவசரத்தை அடக்குகிறது. அந்த முன்பகுதிதான் கடைசியாக முதிர்கிறது என்றேன். "சாரம் பிரிக்காத கட்டடத்தில் குடியேறலாமா?" கைதட்டல் எழுந்தது. அக்கா குனிந்துகொண்டாள்.

இங்குதான் என் பெருமையே எனக்கு வினையானது. நெற்றியைத் தொடச் சொல்லும் வரி அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால், இரண்டு பேச்சுகளிலும் பத்திக்குப் பத்தி அதை வைத்திருந்தேன். இரண்டாம் முறை சொன்னதுமே நினைவு மற்ற தண்டவாளத்துக்கு மாறிவிட்டது. "முதிர்ச்சி முடியவில்லை என்பதற்காக முடிவெடுப்பதையே நிறுத்துவதா? முடிவெடுத்துப் பழகித்தானே அது பழுக்கிறது?" என்று முழங்கினேன். அக்கா நிமிர்ந்தாள். எதிரணியினர் தாங்கள் எந்தக் கட்சி என்று தலைப்பை மறுபடி படித்துப் பார்த்தார்கள். மீண்டும் நெற்றி, மீண்டும் சாரம். இன்னொரு முறை நெற்றி, மறுபடியும் பழம். வாதம் புரள்வது என் காதிலேயே விழுந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. பேச்சை உருவாக்கும் பகுதி முழு வேகத்தில் ஓடியது. அடக்க வேண்டிய பகுதி விடுப்பில் இருந்தது.

நடுவர் மணியடித்துவிட்டுப் பரிவோடு கேட்டார்.

"தம்பி, நீங்க எந்தக் கட்சி?"

பூ விழுந்ததா தலை விழுந்ததா என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. "அவையின் முடிவுக்கே விடுகிறேன்" என்றேன். (அதையும் கம்பீரமாத்தான் சொன்னேன்.)

எதிரணி என் வாதங்களையே எடுத்துப் பேசிக் கோப்பையைக் கொண்டுபோனது.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசம் வந்ததும் அப்பா ஒரு வாய் குடித்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இவன் பத்து நிமிஷத்துல மூணு தரம் கட்சி மாறுறான். நீ ரெண்டு வருஷமா ஒரே பேச்சுதான் பேசுற. உனக்கு அது வளந்திருச்சும்மா. அந்தப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லு."

அக்கா இலையைப் பார்த்து அழுதாள். இந்த வெற்றிக்கு என் சொல்வன்மையே காரணம் என்று விளக்க முற்பட்டேன். மோரைக் குடிக்கச் சொன்னார் அப்பா.

இன்று எனக்கு இருபத்தேழு. அறிவியல் கணக்கில் நான் முதிர்ந்துவிட்டேன். வீட்டுக் கணக்கில் இன்னும் இல்லை. என்னிடம் கார்ச் சாவியைக் கொடுக்குமுன் அக்காவின் கணவர் தம் நெற்றியைத் தொட்டுக் கும்பிடுகிறார். சென்ற மாதம், நானும் ஒரு பெண்ணை விரும்புவதாக அப்பாவிடம் முறைப்படி முன்மொழிந்தேன். அவர் காய்ச்சல் பார்ப்பதுபோல் என் நெற்றியில் கை வைத்தார்.

"நாணயத்தைச் சுண்டிட்டியாடா, இல்ல இனிமேத்தானா?"