இடதுபக்கம் மயில்வாகனம், வலதுபக்கம் வேலாயுதம்

"சார், இந்தக் காரு ஓட்டுறதுக்கா, தள்ளுறதுக்கா?"

எதிர்வீட்டு நெசவாளர் மயில்வாகனத்தின் மகள் சுகாசினி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பிள்ளையார்பாளையத்தில் அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. காரின் சொந்தக்காரர் பாஷ்யத்திடமும் இல்லை.

பாஷ்யம் வாலாஜாபாத்தில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். காரோ, இரண்டே சீட்டுள்ள, கூரையில்லாத பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூர் மாமா கண்ணை மூடுமுன், "ஷெட்டுல நிறுத்தி வெக்காதேடா, தினமும் ஓட்டு" என்று சாவியைக் கொடுத்திருந்தார். மாமா வார்த்தையைத் தட்டாமல் பாஷ்யமும் தினமும் ஓட்டினார். அதாவது, ஓட்டப் பார்த்தார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடியிலிருந்து இன்ஜின் தானாகக் கிளம்புவதை நிறுத்திக்கொண்டது. தள்ளினால்தான் கிளம்பும். ஒருவர் மட்டும் தள்ளினால் வண்டி சாக்கடைப் பக்கம் இழுக்கும். ஆகவே இடதுபக்கம் மயில்வாகனம், வலதுபக்கம் அவர் தம்பி வேலாயுதம்.

சங்கடம் என்னவென்றால், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் தறி போட்டிருந்த அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா வீட்டைப் பிரித்தபோது ஒரு ஜன்னல் யாருக்கு என்பதில் வந்த சண்டை.

"சார், வலதுபக்கம் இருக்கறவரை அமுக்கித் தள்ளச் சொல்லுங்க."

"தள்ளிக்கினுதான் சார் இருக்கேன். இடதுபக்கத்துக்காரரு வண்டி மேல சாஞ்சிக்கினு வராரு, அதைக் கேளுங்க."

"ரெண்டு பேரும் தள்ளுங்கோப்பா!" என்பார் பாஷ்யம். இன்ஜின் உறுமியதும் பறந்துவிடுவார். மெதுவாகப் போனால் மறுபடி நின்றுவிடுமே.

அப்படியும் இரண்டு முறை தாமதம். தலைமையாசிரியை லில்லி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பாஷ்யம் சார், இன்னொரு நாள் பிரேயர் முடிஞ்சி வந்தீங்கன்னா நான் வேற வாத்தியாரைத்தான் பார்க்கணும்."

பாஷ்யம் மெக்கானிக் சத்யராஜைக் கூப்பிட்டார்.

"கார்புரேட்டர்ல அழுக்கு சார். க்ளீன் பண்ணா பூ மாதிரி கிளம்பும்."

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். வண்டி கிளம்பவில்லை, 'டமார்' என்று வெடித்தது. தறிக்கான பட்டுநூலைத் தெருநீளத்துக்குப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பயத்தில் கையை விட்டார்கள். சிக்கு எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பாஷ்யமும் நின்றார்.

அடுத்தது ரேடியேட்டர் ஒழுகியது. "மஞ்சத்தூள் போட்டா அடைச்சிக்கும் சார்" என்றான் சத்யராஜ். பாஷ்யத்தின் மனைவி ஹேமாம்புஜத்தின் சமையலறை மஞ்சள் முழுவதும் உள்ளே போனது. கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு, அத்தனையும் பாஷ்யத்தின் வெள்ளைச் சட்டைமேல் வந்தது.

"ஏன்னா, யாருக்கு நலங்கு?" என்றாள் ஹேமாம்புஜம்.

இதற்குள் வண்டிக்கு வீம்பு கூடிவிட்டது. முன்பு பத்தடி தள்ளினால் போதும். இப்போது தெருமுக்கு டீக்கடைவரை தள்ளவேண்டியிருந்தது. சகோதரர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தள்ளினார்கள். பாஷ்யத்துக்கு வெட்கமாக இருந்தது. தறியை நிறுத்திவிட்டு வருகிறவர்கள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

கடைசியில் ஒரு ஞாயிறு முழுக்க வண்டிக்கடியில் படுத்திருந்த சத்யராஜ், முகமெல்லாம் கிரீஸோடு எழுந்தான். "ஸ்டார்ட்டர்தான் சார் தகராறு. புதுசா ஒயரிங் பண்ணிட்டேன். சாவியைத் திருப்புங்க."

திருப்பினார். வண்டி கிளம்பியது.

அந்த வாரம் ஐந்து நாளும் முதல் மணிக்கு முன்பே பாஷ்யம் பள்ளியில் இருந்தார். லில்லி சிரித்தேவிட்டார்.

சனிக்கிழமை, பெருமாள் கோயில் இட்லியை இரண்டு பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். மயில்வாகனத்தின் மனைவி வடிவு கதவைத் திறந்தாள்.

"இதுல ஒண்ணை வேலாயுதம் ஆத்துல குடுத்துடும்மா. இத்தனை மாசம் ரெண்டு பேருக்கும் ரொம்ப சிரமம் குடுத்துட்டேன். இனிமே அது இல்லை."

வடிவு பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சிரமமா? நீங்க ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல சார். உங்க வண்டி அப்பால போனதும், ரெண்டு பேரும் முக்குக் கடையில ஒரு டீயை ரெண்டா ஊத்திக் குடிச்சிட்டு, சிரிச்சிக்கினே ஒண்ணா நடந்து வருவாங்க. அடுத்த பாவைச் சேந்தே நீட்டலாம்னுகூடப் பேசிக்கினு இருந்தாங்க. இந்த அஞ்சு நாளா தள்ள வண்டியும் இல்ல, பேச்சும் இல்ல."

பாஷ்யம் வீட்டுக்கு வந்தார்.

திங்கட்கிழமை, வழக்கத்துக்கு அரைமணி முன்னதாகவே குளித்துத் திருமண் இட்டுக்கொண்டார். பள்ளிக்குத் தாமதமாகிவிடக் கூடாதே. தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பானெட்டைத் திறந்து ஸ்டார்ட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் மூடினார். பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெருமாளே என்று கண்ணை மூடித் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"மயில்வாகனம்! வேலாயுதம்! மறுபடி மக்கர் பண்றதுப்பா!"