உரிய வழி

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். றகரமும் ரகரமும் இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மனுவுக்காகத் தருமபுரி ஜில்லாவின் எல்லா ரோட்டையும் அளந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயர் ‘உரிய வழி’. நான் அங்கே பியூன்.

அவர் ரோடு போடும் வேலையில் இருந்தவர். காய்ச்சலில் படுத்த நாட்களை, சொல்லாமல் நின்றதாக எழுதி மேலதிகாரி வேலையை விட்டே நீக்கிவிட்டார். அப்பீலுக்கு இரண்டு மாதக் கெடு. வக்கீல் வைக்க வழியில்லை. தானே மனு எழுதிக் காரிமங்கலத்தில் பஸ் ஏறித் தருமபுரியில் எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

ஹெட்கிளார்க் தலை நிமிரவில்லை. “உரிய வழியா வரலையே. எடுத்துட்டுப் போய்யா.”

ரோடு போட்டவருக்கு வழி என்றால் ரோடுதானே? அடுத்த வாரம் முழங்கால் வரை புழுதியோடு வந்து நின்றார். “பஸ்ஸுல வந்தது தப்புங்க. இன்னைக்கு நடந்தே வந்துட்டனுங்க.”

ஆபீசே சிரித்தது. மனு திரும்பியது. அப்புறம் மொரப்பூர் சுற்றி வந்தார். அதுவும் திரும்பியது. கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், ஊரைத் தாண்டிப்போய் அதியமான்கோட்டைப் பக்கமிருந்து வந்தார்.

“பெரிய அய்யாவோட ஜீப்பு வர்ற ரோடு இதுதானுங்களே! இதைவிட உரிய வழி ஏதுங்க?”

சிரிப்புச் சத்தத்தில், அப்பீல் கேட்கும் பெரிய அதிகாரியே வெளியே வந்துவிட்டார். “என்ன இங்க கூத்து?”

எல்லோரும் காகிதத்தில் முகம் புதைத்தார்கள். அவர் முன்னால் எனக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று எப்படியோ பிரிந்தது.

“இவரு நாலு தடவை வந்துட்டாருங்கய்யா. உரிய வழின்னா, நீக்குன அதிகாரி மூலமா அனுப்பறதுன்னு யாரும் இவருக்குச் சொல்லலீங்க.”

உரிய வழி திகைத்துப்போனார். “என்னை அடிச்சவரு கையிலயேவா என் அழுகையைக் குடுக்கறது?”

அதிகாரி சிரிக்கவில்லை. மனுவைக் கையில் வாங்கிக்கொண்டார். “அவருக்கு அனுப்பி விவரம் கேக்கறது நம்ம வேலை. இந்த ஆளை இனிமே நடக்க விடாதீங்க” என்றார் ஹெட்கிளார்க்கிடம்.

விசாரணையன்று, “உனக்காக யாரு பேசறா?” என்று அதிகாரி கேட்டார்.

“காய்ச்சல் எனக்குத்தானுங்க வந்துச்சு. நானே பேசறனுங்க.”

கஷாயத்தில் எத்தனை மிளகு விழுந்தது என்பது வரை பேசினார். அதிகாரி குறுக்கிடவேயில்லை. அன்று லீவு சொல்ல இவர் அனுப்பியிருந்த ஆளையும் கூப்பிட்டு விசாரித்தார். வேலை திரும்பக் கிடைத்தது.

உத்தரவை வாங்கியவர் நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க ஒருத்தருதானுங்க எனக்காக வாயைத் தெறந்தீங்க.”

‘உரிய வழி’ என்றால் என்ன அர்த்தம் என்று முதல் நாளே எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட நினைத்தேன். காய்ப்பேறிய அந்தக் கை சூடாக இருந்தது. விட மனமில்லாமல் சும்மா நின்றுவிட்டேன்.

எழுதி முடித்தது: 1976, தை மூன்றாம் தேதி.