ஒருவரையும் சாகவிடாத தவிட்டு ஏஜன்ட்

கண்டியில் ஆயுள் காப்புறுதி விற்க வந்தவர்களில், மனிதர்கள் சாவார்கள் என்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் தவிட்டு ஏஜன்ட்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் எவரும் அதைக் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் குமாஸ்தா. கண்டிக் கட்டுக்கலையில் ஒரு மாடி அறையில் அவரோடு குடியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், முருங்கைக்காய்க்குக் கோட்டு மாட்டியது போலிருப்பார். கோட்டின் ஒரு பையில் பாலிசித் தாள்கள், மற்றதில் தவிடு. சோற்றின் மேல் அதை விபூதி மாதிரித் தூவுவார். வாழைப்பழத்தைத் தோலோடு தின்பார். பலாப்பழம் வெட்டினால் சுளையை என் பக்கம் தள்ளிவிட்டு நார்த்தும்பைத் தான் எடுத்துக்கொள்வார். அவரோடு வாழ்வதில் அந்த லாபம் இருந்தது.

"மனிசன் சாகிறது நோய் வருத்தத்தாலே இல்லைத் தம்பி, மலச்சிக்கலாலே! கீரை, காய், பழம், தவிடு. இவ்வளவும் உள்ளுக்குப் போனால் யமன் வாசலிலேயே நிக்க வேண்டியதுதான்" என்பார்.

காலையில் யாரைக் கண்டாலும் வணக்கத்துக்குப் பதிலாக, "வெளிக்குப் போனீங்களோ?" என்றுதான் விசாரிப்பார். கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக நின்ற ஒரு மாப்பிள்ளையிடம் அப்படிக் கேட்டதை நானே பார்த்தேன். பக்கத்தில் நின்ற மணப்பெண் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

ஒருநாள் என்னையும் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே சில்லறைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி பெரிய பாலிசி ஒன்று எடுக்கச் சம்மதித்திருந்தார். முதலாளி கதிரையில் உட்கார்ந்தால் கதிரை தெரியாது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப்போகும் நேரம் பார்த்து உள்ளிருந்து சாப்பாடு வந்தது. நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, இனிப்புக்கு வட்டிலப்பம். பச்சையாக அங்கே இருந்தது தட்டின் விளிம்பில் வரைந்திருந்த இலை மட்டும்.

ஏஜன்ட் எட்டிப் பேனாவைப் பிடுங்கினார்.

"முதலாளி, இதைத் தின்றால் நீங்கள் செத்துப்போவீங்கள்!"

"அதுக்குத்தானே பாலிசி?" என்றார் முதலாளி, நியாயமாக.

"நீங்கள் ஏன் சாகவேணும்? நாளையிலிருந்து குரக்கன் கூழ், வல்லாரைக் கீரை, பப்பாசிப்பழம். நான் வந்து பார்ப்பன்!"

போய்ப் பார்த்தார். வாரம் தவறாமல் பஸ் ஏறிப்போய், முதலாளியின் தட்டையும் நாக்கையும் சோதித்தார். சில மாதத்தில் முதலாளி பாதியாக இளைத்து, பள்ளிவாசலுக்கு நடந்தே போய்வரத் தொடங்கினார். அப்போதுதான் ஏஜன்ட்டுக்கு வந்த வேலை ஞாபகம் வந்து, பாலிசித் தாளை நீட்டினார்.

"நூறு வயசுக்குச் சாவே இல்லையெண்டு நீங்கதானே சொன்னீங்க? பொறகு என்னத்துக்குக் கட்ட?" என்றார் முதலாளி.

இப்படியே கண்டி தொடங்கிப் புசல்லாவை வரைக்கும் ஆரோக்கியம் பரவியது. பாலிசிதான் பரவவில்லை. கொழும்பிலிருந்து கம்பெனித் துரை விசாரிக்க வந்தார்.

"இந்த வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?"

"ஒருத்தரும் இல்லை. ஆனால் எல்லாரும் சுகமாயிருக்கினம்!"

சாகாதவன் அதிக காலம் பணம் கட்டுவான், ஆகவே பாலிசியோடு கீரை விதையும் கொடுத்தால் கம்பெனி கொழிக்கும் என்று விளக்கினார் ஏஜன்ட். துரை பொறுமையாகக் கேட்டார். மாத முடிவுக்குள் ஒரு பாலிசியாவது வராவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அந்தச் செய்தி கெலிஓயா வரைக்கும் போனது.

அந்த மாதம்தான் ஏஜன்ட் படுத்தார். நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்ட்.

"பச்சைக் கீரையைக் கழுவித்தானே தின்றவர்?" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கேட்டார்.

கட்டிலிலிருந்து பதில் வந்தது: "கழுவினால் சத்துப் போயிடும்."

டொக்டர் தலையில் அடித்துக்கொண்டார். குடல் புண்ணாகியிருக்கிறது, தவிடு, கீரை, நார் எதுவும் உள்ளே போகக் கூடாது, போனால் ஆள் பிழைக்கமாட்டார் என்றார். பாலும் பார்லித் தண்ணீரும் மட்டும். அதைக் கேட்டதும்தான் ஏஜன்ட்டின் முகத்தில் முதல் தடவையாகச் சாவுப் பயம் தெரிந்தது.

காய்ச்சல் ஏறி அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்த ஒரு மத்தியானம், கெலிஓயா முதலாளி வார்டுக்குள் வந்தார். கையில் பாலிசித் தாள். எங்கே கிடைத்ததோ தெரியாது. கட்டிலோரம் குனிந்தார்.

"ஏஜன்ட், கையெழுத்து வெச்சிட்டேன். கம்பெனிக்கு அனுப்புங்க. எழும்புங்க."

"உங்களுக்கு அது வேண்டாம் முதலாளி... நீங்கள் சாகமாட்டீங்கள்."

"எனக்கில்ல. ஒங்க வேலைக்கு."

ஏஜன்ட் வறண்ட உதட்டை அசைத்து, "காலமை... வெளிக்குப் போனீங்களோ?" என்றார்.

"போனேன் ஏஜன்ட், நல்லாப் போனேன்" என்று சொல்லி, முதலாளி தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏஜன்ட் பிழைத்தார். வேலையும் பிழைத்தது. சில வருடத்துக்குப் பின் அதையும் விட்டுவிட்டு, புசல்லாவைப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் கீரை போடப் போய்விட்டார். கடைசியாகக் கண்டபோது கீரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு வெட்கப்பட்டார்.

கீரை தின்றால் ஆயுள் கூடும் என்பதை நான் இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. அந்த ஒரு மனிதர் விஷயத்திலாவது அது உண்மையாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.