முயலுக்கு வைத்த பொட்டு

கையில் குங்குமக் கிண்ணத்தைக் கொடுத்தால் சிலருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அந்தச் சிலரில் நான் முதல் ஆள்.

அப்போது அடையாறில், பழம்பொருள் சேகரிக்கும் ஒரு மேடம் வீட்டில் பட்டியல் போடும் வேலையில் இருந்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. ஆறாவது மாதம் ஆயுத பூஜையில் வந்து நின்றது. (பெண் வீட்டார் கல்யாணத் தேதி குறிக்கக் காத்திருந்ததும் அந்த நிரந்தரத்துக்குத்தான்.)

அந்த வீட்டின் செல்லப்பிள்ளை ஒரு டைல்ஸ். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன் ஈரானில் ஏதோ மாளிகைச் சுவரில் பதித்தது. எட்டு முனை நட்சத்திரம். நடுவில், அச்சில் அழுத்தி எடுத்த முயல் ஒன்று புடைத்துக்கொண்டு ஓடும். மேலே நீலக் கண்ணாடிப் பூச்சு, அதில் தலைமுடி மாதிரி விரிசல்கள். மறுவாரம் கண்காட்சிக்குப் போகவேண்டியது.

"ஆபீஸ் ரூம்ல எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டு மேடம் பூ வாங்க மயிலாப்பூர் போனார். எல்லாத்துக்கும் என்றாரே! கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் எல்லாம் முடித்து டைல்ஸுக்கு வந்தேன். முனைக்கு ஒன்றாக எட்டு, முயல் நெற்றியில் ஒன்று. என்ன லட்சணம்! போட்டோ எடுத்துப் பெண்ணுக்கே அனுப்பினேன்.

வீட்டு வேலை பார்க்கும் செல்விக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், முயலுக்குக் காதுகுத்தா? மேடம் அத்தத் தொடக்கூட வுடமாட்டாங்களே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். குங்குமம் கரைந்து விரிசல்களுக்குள் சாவகாசமாக இறங்கியது.

"ஐயய்யே, நிறுத்து சார்! பரவிக்கினே போவுது!"

மேடம் வந்தபோது முயல் முகமெல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சதை ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டியேப்பா" என்றார். வெட்கமே இல்லாமல் அழுதுவிட்டேன்.

நிபுணர் ஒருவர் வந்து முக்கால்வாசிக் கறையை எடுத்தார். நெற்றிப் பொட்டு மட்டும் அசையவில்லை. "உன்னை அனுப்பிட்டா இதை யாரு விளக்குவா?" என்று மேடம் என்னைக் கண்காட்சி முழுக்க முயல் பக்கத்திலேயே நிறுத்தினார். கேட்டவர்களுக்கெல்லாம் என் வாயாலேயே சொன்னேன். வேலை நிரந்தரமானது. பொட்டும்தான்.

கல்யாணமும் நடந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் மனைவி கிண்ணத்தை என் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வருவாள். என் நெற்றியைத் தடவிப் பார்ப்பாள்.

"மண்டைல விரிசல் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் போகாது."